படிக்கட்டில் நின்றவள்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியம். எனக்குத்தான் பிரஷர் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. மாத்திரையில் வண்டி ஓடுகிறது. உன் முழங்கால் வலி எப்படி? மாமாவின் இருமல் குறைந்ததா?

போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நீ 'ம்', 'சரி', 'வெச்சிடவா' இந்த மூன்றுக்கு மேல் பேசுவதில்லை. எனக்கோ இப்போது உன்னிடமிருந்து நிறைய வார்த்தைகள் வேண்டும்.

விஷயம் இதுதான். எங்கள் ஒளிபரப்பு நிலையத்துக்கு இது ஐம்பதாவது வருஷம். மலர் போடுகிறார்கள். கலர் டிவி வந்த புதிதில் உங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார் மேலதிகாரி. இருபது வருஷமாக நிறம் சரிபார்க்கும் அறையில் உட்கார்ந்து, செய்தி வாசிப்பவர் முகம் மனித முகம் மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவன் நான். என்னை விட்டால் யார் எழுதுவது என்கிறார். உட்கார்ந்து பார்த்தேன், நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது, உனக்குப் பதின்மூன்று. உன் ஞாபகசக்தி ஊரறிந்தது. டிவி எந்த மூலையில் இருந்தது, அம்மா அதற்கு என்ன போர்த்தினாள், அப்பா என்ன அட்டகாசம் செய்தார், எல்லாவற்றையும் எழுது. சிரிப்பு வருகிற மாதிரி ஏதாவது இருந்தால் அதை முதலில் எழுது.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

---

ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் பிரஷர் கேட்டுக் கவலைப்பட்டேன், உப்பைக் குறை. மாமாவின் இருமல் அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் பூராவும் ஈரத்தில் நிற்கிற முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும்? அதையெல்லாம் விடு.

டிவி கூடத்தில், ஜன்னலை ஒட்டிய மூலையில் இருந்தது. அதற்கு நேர் எதிரே கண்ணாடிக் கதவு போட்ட பாத்திர அலமாரி. மரப்பெட்டி, இரண்டு பக்கமும் தள்ளுகிற கதவு, அதற்கு ஒரு பூட்டு. சாவியை அப்பா குளிக்கப் போகும்போதுகூடக் கழற்ற மாட்டார். அம்மா படுக்கை விரிப்பை வெட்டி உறை தைத்தாள். "டிவிக்குக் காய்ச்சலாடி, இப்படிப் போத்தி விட்டிருக்க?" என்று அப்பா கேட்டார். சிரிப்பு வேண்டும் என்றாயே, எழுதிக்கொள்.

கலர் குமிழை அப்பா கடைசிவரைக்கும் திருகி வைத்தார். "கலருக்குத்தானே வாங்கினோம், பாதிக் கலர் எதுக்கு?" என்பார். செய்தி வாசிக்கிறவர், பாடுகிறவர், மந்திரி, கோமாளி எல்லாருக்கும் செங்கல் நிறத்தில் முகம். பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "என்னங்க, இவங்க எல்லாருக்கும் ரத்தக்கொதிப்பா?" என்றார். அதன்பிறகு அவரை அப்பா டிவி பார்க்கக் கூப்பிடவில்லை.

இதெல்லாம் கலர் வந்தபிறகு. முதல் மூன்று வாரம் கலரே வரவில்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். படம் தெளிவாக வரும், ஆனால் சாம்பல் நிறத்தில். கோபுரம் தூரத்தில் இருந்ததால் ஆன்டெனா ஒரு விரல்கடை தள்ளியிருந்தாலும் கலர் கழன்றுகொள்ளும். பழைய டிவியை அப்பா ஏமாந்து வாங்கிவிட்டார் என்று தெருவே பேசியது.

நீ அண்ணாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிறது. இப்போது கிட்னியும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் டயாலிசிஸுக்கு வருகிறார். அவர் படுத்த விரிப்பு சாயங்காலம் என் கூடைக்கு வருகிறது. நான் அங்கே வேலை பார்ப்பது அவருக்குத் தெரியும். என்னோடு பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையையும் எழுதப்போகிறாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

பிப்ரவரி 2

அன்பு அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் நலம். உப்பைக் குறைத்துவிட்டேன், வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. அண்ணா உடம்பைப் பற்றிப் படித்து மனசு சங்கடமாகிவிட்டது. வயசு ஐம்பதுதானே ஆகிறது! நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள்.

செங்கல் முகமும் கம்பவுண்டரும் பிரமாதம்! ஆபீஸில் வாசித்துக் காட்டினேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீ எழுத்தாளராகப் போயிருக்க வேண்டியவள். ஆன்டெனா சமாசாரத்தை வைத்து நானும் ஒரு பத்தி எழுதிவிட்டேன். பார்:

"மொட்டைமாடியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணன். பாதிப் படிக்கட்டில் அக்கா. டிவி முன்னால் நான். அண்ணன் ஒரு சுற்றுத் திருப்புவார். நான் 'வருது' அல்லது 'வரல' என்பேன். அக்கா அதை மாடிக்குக் கத்தவேண்டும். எங்கள் அக்காவோ கனவுலகவாசி. நான் ஒன்று சொல்ல அவள் ஒன்று சொல்வாள். அவள் போட்ட 'வரல'வைக் கேட்டுக் கேட்டு, தெருவில் அவளுக்கு 'வரல அக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!"

எப்படி? வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. கொண்டாட்ட மலர் இல்லையா.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

---

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உன் பத்தியைப் பார்த்தாலே தெரிகிறது.

நீ சேர்க்காததை நான் எழுதுகிறேன். மலருக்கு அல்ல, உனக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெளிச்சம் நன்றாக இருந்தது. அப்பா வெளியே போயிருந்தார். கால்பந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அண்ணா மாடியில், நான் படிக்கட்டுத் திருப்பத்தில், நீ கூடத்தில். நடுவில் நிற்பவளுக்கு அப்பா போட்டிருந்த சட்டம் ஒன்றுதான்: "உன் புத்தியை நுழைக்கக் கூடாது. காதுல விழுறதை அப்படியே வாயால சொல்லணும், அவ்வளவுதான்." நீ 'வரல' என்றாய். நான் 'வரல' என்றேன். மறுபடியும் நீ 'வரல' என்றாய். நானும் 'வரல' என்றேன். எத்தனை தடவை என்று நீயே சொல். கம்பம் அப்படியே இறுகிக்கொண்டு, இந்தப் பக்கமிருந்து இழுத்தால் அசையவில்லை என்று அண்ணா கைப்பிடிச் சுவர் மேல் ஏறி அந்தப் பக்கத்திலிருந்து திருப்பப் பார்த்தார். பின்பக்கம் துவைக்கிற கல் மேல் விழுந்தார்.

கப்பல் இயந்திரப் பயிற்சிக்கு அவரைத் தேர்ந்தெடுத்த கடிதம் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. இடுப்பு மூன்று இடத்தில் முறிந்து, ஒரு கால் குட்டையாகி, கடைசியில் பஸ் பணிமனைக் கிடங்கில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தார்.

அப்பா வந்து பார்த்தபோது டிவியில் கலர் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. "கலர் வந்திருக்கே, அப்புறம் எதுக்குடா அவன் சுவத்துல ஏறினான்?" என்று நம் இரண்டு பேரையும் நிறுத்திக் கேட்டார். நீ என்னைக் கைகாட்டி, "நான் வந்துடுச்சுன்னுதான் சொன்னேன், அக்காதான் வரலன்னு கத்தினா" என்றாய். அன்று காலையில் அண்ணாவின் பேனாவை ஒளித்துவைத்ததற்காக அவர் என்னை அடித்திருந்தார். அதற்குப் பழிவாங்கினேன் என்று முடிவாகிவிட்டது. என் படிப்பை நிறுத்தி அண்ணாவைக் கவனிக்க உட்காரவைத்தார்கள். ஒரு வருஷம் அவருக்குச் சோறு ஊட்டினேன்; அந்த ஒரு வருஷமும் அவர் என்னிடம் வாய் திறந்தது சாப்பிட மட்டும்தான்.

நீ ஆபீஸில் வாசித்துச் சிரித்தாயே, அந்தச் செங்கல் முகமெல்லாம் அண்ணா மாவுக்கட்டோடு கூடத்தில் படுத்திருந்த நாட்களில் வந்தது. அவர் பார்க்கட்டும் என்றுதான் அப்பா குமிழைக் கடைசிவரை திருகினார்.

அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்பதை அண்ணாவுக்கு எழுது. அவருக்கு இன்னும் அதிக நாள் இல்லை என்று நர்ஸுகள் பேசிக்கொள்கிறார்கள். அவர் போவதற்குள் அவருக்குத் தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

போனில் கேட்டால் "லைன் சரியில்லக்கா" என்பாய். கடிதத்துக்கு லைன் ஒரு கேடில்லை.

அக்கா

---

மார்ச் 15

தம்பிக்கு,

உன் பிரஷர் எப்படி இருக்கிறது? ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் இல்லை. கடிதம் வந்து சேரவில்லையோ என்று தபால் நிலையத்தில் விசாரித்தேன். பதிவுத் தபால் சேர்ந்துவிட்டது என்று ரசீதைக் காட்டினார்கள்.

எல்லாப் பழியையும் உன் மேல் போடுகிறேன் என்று நினைத்து நீ எழுதாமல் இருக்கலாம். அதனால் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். இதை மாமாவிடம்கூடச் சொன்னதில்லை.

படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றால் ஜன்னல் வழியாகப் பாத்திர அலமாரியின் கண்ணாடி தெரியும். டிவி அதில் விழும். திடீரென்று அந்தக் கண்ணாடியில் மைதானம் பச்சையாயிற்று. ஒரு அணிக்குச் சிவப்புச் சட்டை. நான் பார்த்தேன். கலர் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது உள்ளிருந்து நீ "வரல" என்றாய். நான் அண்ணாந்து பார்த்து "வரல" என்று கத்தினேன். என் புத்தியை நுழைக்கக் கூடாதல்லவா? அப்பாவுக்குப் பயந்தேன். கண்ணாடியில் கோணலாகத் தெரிவதால் எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்றும் நினைத்தேன். காதில் விழுந்ததை வாயால் சொன்னேன். நான்கு தடவை சொன்னேன்.

ஆக, நான் ஒன்றும் உத்தமி இல்லை. ஆனால் நான் வேண்டுமென்று செய்யவில்லை என்பதாவது அவருக்குத் தெரியட்டும்.

நேற்று டயாலிசிஸ் வார்டுக்கு விரிப்புக் கூடையைத் தள்ளிக்கொண்டு போனேன். அண்ணா விழித்துத்தான் இருந்தார். சக்கரச் சத்தத்தைக் கேட்டு, "யாரு, புது விரிப்பா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. குரலைக் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

அக்கா

---

ஏப்ரல் 4

அன்பு அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மலர் வேலை, ஆடிட், சின்னவளுக்குப் பரீட்சை என்று ஒன்றின்மேல் ஒன்று. இப்படி ஆரம்பித்து இரண்டு கடிதம் எழுதி இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். இது மூன்றாவது.

ஆமாம் அக்கா. நான்தான் சொன்னேன்.

கலர் வந்தது. எனக்கு எப்படி இருந்தது என்றால், அந்தப் பச்சையை நக்கிப் பார்க்கலாம் போல இருந்தது. வந்துவிட்டது என்று சொன்னால் அடுத்த நிமிஷம் அண்ணா இறங்கி வருவார். முன்னால் உட்கார்ந்துகொள்வார். "போய்த் தண்ணி கொண்டா" என்பார். அப்புறம் தெரு முழுக்க உள்ளே வந்துவிடும், எனக்கு முதுகுகள்தான் தெரியும். கொஞ்ச நேரம் அது எனக்கே எனக்காக இருக்கட்டும் என்று நினைத்தேன். நூறு வரை எண்ணிவிட்டுச் சொல்லலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எழுபதிலோ எண்பதிலோ சத்தம் கேட்டது.

அப்பா கேட்டபோது வாயில் அப்படி வந்துவிட்டது. ஒன்பது வயசுப் பயல் அக்கா. மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் வந்தபோது நீ ஏற்கெனவே குற்றவாளி ஆகிவிட்டாய், எனக்கு எல்லாரும் பிஸ்கட் கொடுத்தார்கள்.

அந்தப் பத்தியை மலரிலிருந்து எடுத்துவிடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. கண்ணும் போய், கிட்னியும் போய்ப் படுத்திருக்கிற மனுஷனிடம் இப்போது இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருக்கு நிம்மதியா, வேதனையா? யோசித்துப் பார்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

---

ஏப்ரல் 16

தம்பிக்கு,

மாமாவுக்கு இருமல் மருந்து மாற்றியிருக்கிறார்கள். மற்றபடி நலம்.

யோசித்துப் பார்த்துவிட்டேன். நீ யோசிக்கச் சொல்வதற்கு முன்னாலேயே முப்பத்துமூன்று வருஷம் யோசித்துவிட்டேன். அவருக்கு நிம்மதியா வேதனையா என்று எனக்குத் தெரியாது. எனக்கு என்ன என்று நீ கேட்கவே இல்லை. என் கல்யாணத்தன்று அண்ணா மத்தியானமே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அம்மாவின் கடைசி நாட்களில் நானும் அவரும் கட்டிலின் இரண்டு பக்கம் உட்கார்ந்து, அம்மா மூலமாகப் பேசிக்கொண்டோம். "மாத்திரை குடுத்தாச்சான்னு அவளைக் கேளும்மா" என்பார். பேச முடியாத அம்மாவிடம்.

நீ எனக்கு எழுதியதையே அவருக்கு எழுது. ஒரு பக்கம் போதும். அண்ணி வாசித்துக் காட்டுவார்.

அக்கா

---

மே 11

அன்பு அக்கா,

எல்லாரும் நலம், உங்கள் நலம் கேட்டு எழுதுகிறேன். மாமாவுக்குப் புது மருந்து ஒத்துக்கொண்டதா?

அண்ணாவுக்கு எழுதிவிட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடித்தது. என் கிறுக்கலை வாசிக்க உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றுதான். ஒரே ஒரு வேண்டுகோள். அண்ணி கைக்கு இது போகவேண்டாம். அந்த வீட்டில் என்னை ஒரு பெரிய மனிதனாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைக்கு வேலைக்கு நான்தான் சிபாரிசு செய்தேன். அண்ணா தனியாக இருக்கும்போது நீயே வாசித்துக் காட்டு. உனக்கும் அது நல்லதுதானே? உன் வாயாலேயே அவர் கேட்டுவிடுவார்.

பாரம் இறங்கின மாதிரி இருக்கிறது.

தம்பி

(உள்ளே இருந்தது)

அண்ணாவுக்கு வணக்கம். நீங்கள் மாடியிலிருந்து விழுந்த அன்று கலர் வந்துவிட்டது. நான் வேண்டுமென்றே வரவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா நான் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொன்னாள். பிறகு அப்பாவிடம் நான் பொய் சொன்னேன். அக்கா மேல் தவறு இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

---

மே 25

தம்பிக்கு,

நீ எழுதியதற்கு முதலில் நன்றி. மருந்து ஒத்துக்கொண்டது.

சனிக்கிழமை போனேன். டயாலிசிஸில் நான்கு மணி நேரம் கையில் ஊசியோடு படுத்திருப்பார், எழுந்து போக முடியாது. அண்ணி வெளியே டீ குடிக்கப் போன நேரம் பார்த்துப் போனேன். சலவைக்கூடத்து ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை.

"யாரு?"

"நான்தாண்ணா."

சுவர்ப்பக்கம் திரும்பினார். குழாய் இழுத்துப் பிடித்ததால் முழுக்கத் திரும்ப முடியவில்லை.

"தம்பி உங்களுக்கு லெட்டர் போட்டிருக்கான். வாசிக்கிறேன்." வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வாசித்தேன். முடித்ததும், "இன்னொரு தடவ வாசி" என்றார். வாசித்தேன்.

பிறகு, "நல்லா எழுதியிருக்க" என்றார்.

"அண்ணா, இது அவன் எழுதினது."

"அந்தப் பேப்பரக் குடு." கொடுத்தேன். இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். "எனக்கு இது வெத்துப் பேப்பர். நீ என்ன சொல்றியோ அதான் இதுல இருக்கு. அன்னைக்கும் நீ சொன்னதைத்தானே நம்பினேன்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தப் பக்கம் போன நர்ஸைக் கூப்பிட்டு, "இதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்க சொல்லுங்க" என்றேன். அவள் பார்த்துவிட்டு, "டைப் பண்ணியிருக்கு. கீழ கையெழுத்து ஒன்னும் இல்லயே. யாரு எழுதினது?" என்றாள். நல்ல மனசுக்காரி, தெரியாமல்தான் கேட்டாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். நீ கையெழுத்துப் போடவில்லை. பேர்கூட இல்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நான் கிளம்பும்போது அண்ணா, "இரு" என்றார். "அவனே சொல்லட்டும். அவன் வாயால சொன்னா நம்புறேன்."

முப்பத்துமூன்று வருஷத்தில் என்னை 'இரு' என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆகையால் தம்பி, உன் காலில் விழுவதாகவே வைத்துக்கொள், அவருக்கு ஒரு போன் செய். அண்ணி எடுத்து அவரிடம் கொடுப்பார். 'ஆமாண்ணா, நான்தான் சொன்னேன்' என்றால் போதும். மூன்று வார்த்தை. நான்காவது வார்த்தை வேண்டாம்.

அக்கா

---

ஜூன் 16

அன்பு அக்கா,

நலம், நலமே இருக்க வேண்டுகிறேன். நல்ல செய்தியோடு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணாவோடு பேசிவிட்டேன். குரல் சோர்ந்திருந்தாலும் தெளிவாகப் பேசினார். பிள்ளைகளைப் பற்றியெல்லாம் கேட்டார். நம் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். பெரிய மனசு அக்கா அவருக்கு. சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். அப்படி ஒரு லேசு எனக்கு. உனக்கும் இருக்கும். இனி இதை மறந்துவிடலாம்.

மலர் வந்துவிட்டது, ஒரு பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன். பதினேழாம் பக்கம். அந்தப் பத்தியை எடுக்கச் சொன்னேன், அதற்குள் அச்சுக்குப் போய்விட்டதாம். தவறாக நினைக்காதே, எல்லாரும் ரசித்தது அந்தப் பத்தியைத்தான்.

மாமாவுக்கு அன்பு.

தம்பி

---

ஜூலை 8

தம்பிக்கு,

நாங்கள் நலம். அண்ணா போன வியாழக்கிழமை காலமானதை அண்ணி உனக்குப் போனில் சொல்லிவிட்டார். டிக்கெட் கிடைக்கவில்லை என்றாயாம்.

உன் பதினாறாம் தேதிக் கடிதத்துக்கு இப்போது பதில் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடப்போகிறாய் என்று தெரிந்ததும் அண்ணி எனக்குச் சொல்லி அனுப்பினார். மே மாதம் நடந்தது அவர் காதுக்கு எப்படியோ எட்டியிருந்தது. "நீயும் வந்து உன் காதால கேட்டுக்கோ. உனக்கும் ஒரு நியாயம் வேணாமா?" என்றார். வாசல்படிக்கு உள்ளே, சுவரோரமாக நின்றேன். அண்ணாவுக்கு நான் இருப்பது தெரியாது. ஊசி குத்திய கை வீங்கியிருந்ததால் போனைப் பிடிக்க முடியாமல், அண்ணி ஸ்பீக்கரைப் போட்டு அவர் மார்பின் மேல் வைத்தார். நீ பேசியது வீடு முழுக்கக் கேட்டது. லைன் நன்றாக இருந்தது.

உடம்பை விசாரித்தாய். பிள்ளைகள் படிப்பைச் சொன்னாய். மலரைப் பற்றிச் சொன்னாய். விஷயத்தை நீ எடுக்கவில்லை. அவர்தான் கேட்டார்.

"டேய், உங்கக்கா ஒரு லெட்டர் கொண்டாந்து வாசிச்சா. நீ எழுதினதுன்னா. நீ எழுதினதா?"

"ஹலோ" என்றார் அண்ணா. உடனே நீ சொன்னாய்: "அதெல்லாம் எதுக்குண்ணா இப்போ? அக்கா பாவம். இத்தனை வருஷமா மனசுல போட்டு உழப்பிக்கிட்டு இருக்கா, என்னென்னவோ பேசுவா. நீங்க அவ மேல கோவப்படாதீங்க."

அண்ணா சிரித்தார். சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார் என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் நிஜம். "எனக்குத் தெரியும்டா" என்றார். "நீ உடம்பப் பாத்துக்கோ."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று. அண்ணி போனை அணைத்து எடுத்ததும் அண்ணா சொன்னார்: "இனிமே அவ வந்தா உள்ள விடாத. சாகுற நேரத்துலயாவது என்னை நிம்மதியா விடச் சொல்லு." நான் நின்ற இடத்திலிருந்து அவர் மூன்று அடி தூரத்தில் இருந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் கேட்காமல் தெருவுக்கு வந்தேன்.

ஒன்பது வயசில் நீ செய்ததை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். உனக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது.

நான் அவருக்கு லெட்டர் வாசித்த நாளிலிருந்து நீ போன் செய்த நாள் வரைக்கும் மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அவருக்கு என் மேல் ஒரு சந்தேகம் வந்திருந்தது. ஒருவேளை இவள் சொல்வது உண்மையாக இருக்குமோ என்று. விரிப்புக் கூடையோடு போனால் 'யாரு' என்று கேட்கமாட்டார், 'வா' என்பார். ஒரு நாள் கால் குளிர்கிறது என்று என்னிடமே கேட்டு இன்னொரு போர்வை வாங்கிப் போர்த்திக்கொண்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும். அப்படியே விட்டிருந்தால் அந்த 'வா'வோடு அவர் போயிருப்பார். நான்தான் பேராசைப்பட்டு உன்னைப் பேசச் சொன்னேன்.

அக்கா